பிரிட்ஜில் நீ விட்டுப்போன சீசா

கண்ணு, போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பேசினபோது எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். "இன்னாம்மா, வாயே தொறக்க மாட்டேன்ற" என்று கேட்டாய். பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்கு வியாதி கையிலும் காலிலும்தான், காதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிற கடிதம், பொறுத்துப் படி. ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் அக்காவுக்குக் காட்டு. உன் பெரியப்பா வீட்டார் கேட்டால் அவர்களுக்கும் கொடு. எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக அடுத்த வாரம் மறுபடியும் அந்த ஆராய்ச்சிச் சீசாக்களை எடுத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறேன், இரண்டு நாள் வீட்டில் இருப்பேன் என்றாய். நீ வா. சீசா வேண்டாம். நம் வீட்டு வாசல்படியை அது தாண்டக்கூடாது. ஏன் என்று போனில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்பது உனக்குத் தெரியும். கடல் ஊருக்குள் வந்த அன்றைக்குக்கூட மாமல்லபுரத்துப் பக்கமிருந்து ஓடிவந்தவர்களுக்கெல்லாம் உலை வைத்து இறக்கியவள் நான். வேர்க்கடலைக் கொல்லையில் கண்ணாடிவிரியனை மண்வெட்டியால் அடித்துப் போட்டுவிட்டு மிச்சக் களையை எடுத்தவள். அப்படிப்பட்டவள் இப்போது என் வீட்டு பிரிட்ஜைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே மாவும் மோரும்தான் இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் முட்டை வைக்கிற தட்டை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன்.

உன் அப்பாவுக்கு இது எப்படி வந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். முதலில் போனது மூக்கு. அடுப்பில் சோறு தீய்ந்து தெருவே நாறுகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். பிறகு சிரிப்பு போனது. நான் என்ன சொன்னாலும் முகம் அசையாது. உன் அக்கா பெண் பிறந்து, தூக்கிக் கையில் கொடுத்தபோதும் அசையவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் மேல் ஏதோ வன்மம், வாய்விட்டுச் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வருஷம் நானும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம்தான் கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் மேல் உருள ஆரம்பித்தது, வெற்றிலையில் சுண்ணாம்பு தேய்க்கிற மாதிரி, நாள் பூராவும். செங்கல்பட்டில் டாக்டர் பார்த்துவிட்டு, இது பார்க்கின்சன், சிரிப்பு போனதும் இதனால்தான் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். உன் அப்பா, மாத்திரை விலை அதிகமோ என்று கேட்டார்.

மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் அவர் பழைய மனிதர்தான். அதன் வேகம் குறைந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் வாசல்படி, கதவு இடுக்கு என்று வந்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. மார்கழியில் ஒரு நாள் வாசலில் கோலக் கோட்டைப் பார்த்ததும் சட்டென்று காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார். உன்னிடம் சொன்னேன். நீ யாரிடமோ கேட்டுவிட்டு, ஆமாம்மா, கண்ணுக்கு எதிரில் தாண்டுவதற்கு ஒன்று இருந்தால் மூளை வேறு வழியில் காலை அசைக்கும் என்று சொன்னாய். அன்றிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுத்து வைக்கிறேன். வீட்டைத் துடைத்தால் திரும்பப் போட வேண்டும். வெளியூர் போனால் என் பையில் சாக்பீஸ் இருக்கும்.

போன வருஷம் லீவுக்கு வந்தபோது உன் படிப்பைப் பற்றி எனக்கும் அவருக்கும் சொன்னாய். உன் சைக்கிள் செயினைக் காட்டித்தான் சொன்னாய். கடல்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி மூளைக்குள்ளும் ஒரு வகைத் துரு பிடிக்கிறது, உடம்பில் அதைத் துடைப்பதற்கென்றே நொதிகள் இருக்கின்றன, இந்த வியாதியில் அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அதனால் உலோகத்தில் மிகச் சின்னத் துகள் செய்து அந்த வேலையைச் செய்யவைக்கிறோம், அதற்கு நானோசைம் என்று பேர் என்றாய். நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம். சீரியம் என்கிற உலோகம், நம் கடற்கரையில் கறுப்பாகப் படிந்திருக்கிற மணலில்கூட அது கொஞ்சம் இருக்கிறது என்று நீ சொன்னபோது உன் அப்பாவின் குரலில் ஒரு சந்தோஷம். "அந்த மண்ணுலதானடா நீ வெளையாடுவ" என்றார். அந்தத் துகள் துருவை எடுத்துக்கொண்டு பழையபடி ஆகிவிடும், திரும்ப எடுக்கும், களைத்துப்போகாது என்றாய். எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறோம், சில எலி நன்றாக நடக்கிறது என்றாய்.

அப்போது நான் கேட்டேன். எலிக்கு எப்படிடா நடுக்கம் வரும்? நீ கொஞ்சம் தயங்கினாய். நாங்களே வரவைக்கிறோம் என்றாய். எப்படி என்று விடாமல் கேட்டேன். அதற்கு ஒரு விஷம் கொடுப்போம், அது களைக்கொல்லிம்மா என்றாய்.

உன் அப்பா உன்னை நிமிர்ந்து பார்த்தார். நீ உடனே, அப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, கொல்லையில் அதை அடித்தவர்கள் எல்லாருக்குமா வந்தது, எத்தனையோ காரணம் இருக்கும் என்று அடுக்கினாய். நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. உன் பெரியப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் செய்தது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணமான வருஷம் ஆடி மாதத்தில் என் குழம்பில் உப்பு இல்லையென்று விருந்தாளிகள் முன்னால் இலையை விட்டு எழுந்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது கட்டம்போட்ட சட்டை, அதில் ஒரு பொத்தான் வேறு நிறம். பாகம் பிரித்தபோது கிணற்றுப் பக்கத்தைத் தன் பேருக்கு வைத்துக்கொண்டார். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். களைக்கொல்லி டேங்கை விடமுடியாது. நீ அப்போது சின்னப் பையன். திருக்கழுக்குன்றம் ரோட்டுப் பக்கம் நம் கொல்லை, அவர் கொல்லை, சித்தப்பாமார் கொல்லை எல்லாம் சேர்ந்தே கிடக்கும். தர்பூசணி போடுவதற்கு முன்னால் புல்லைச் சாகடிக்க வேண்டும். "தம்பி, நீ அடிச்சிடு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் அப்பா டேங்கை முதுகில் மாட்டிக்கொள்வார். எல்லார் நிலத்துக்கும் அவர்தான். அந்த டேங்க் ஒழுகும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முனையில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். ஊதிவிட்டுத் துப்புவார். நான் கொல்லைமேட்டில் கஞ்சித் தூக்கோடு நின்று பார்த்திருக்கிறேன். உன் பெரியப்பா வேப்பமரத்து நிழலில் நின்று, அந்த மூலையில் விட்டுப்போச்சு பார் என்று கை காட்டுவார்.

ஒரு தடவை நான் சொன்னேன், ஆளுக்கொரு தடவை அடித்தால் என்ன என்று. அப்போதெல்லாம் புருஷனுடைய அண்ணனுக்கு நேராக நின்று பேசுகிற வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன். உன் பெரியப்பா என்னைப் பார்க்காமல் உன் அப்பாவைப் பார்த்து, "உன் வூட்ல சட்டம் பேசறாங்க போலகீதே" என்றார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு டேங்கை மாட்டினார். அண்ணன் சொல்லி அவர் மறுத்ததே இல்லை. அவர்களுடைய அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார், வளர்த்தது அண்ணன். அதனால் அண்ணன் காட்டுகிற மூலையெல்லாம் தம்பி அடிக்க வேண்டும்.

நீ பெங்களூருக்குத் திரும்பினதும் உன் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து வந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். உனக்குப் பரீட்சை, நீ வரவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. உன் பெரியப்பா படூரிலிருந்து மகனோடு காரில் வந்திறங்கினார். நிலத்தை விற்றபின் அங்கே மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். வெள்ளை வேட்டி, நிமிர்ந்த நடை, கையில் ஒரு நடுக்கம் கிடையாது. அந்த நேரம் பார்த்து உன் அப்பா மண்டபக் கதவில் நின்றுபோனார். நான் குனிந்து, அவர் காலுக்கு முன்னால் சாக்பீஸால் கோடு போட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். உன் பெரியப்பா, "இன்னாத்துக்கு அது?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. அவருக்கு நேராக நின்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். என் பிள்ளை படிக்கிற இடத்தில் எலிக்கு இந்த வியாதியை வரவைக்கக் களைக்கொல்லி கொடுக்கிறார்களாம், நீங்கள் அந்த எலியை முதுகில் டேங்கோடு இருபது வருஷம் ஓட்டினீர்கள் என்றேன். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியோடு நின்றுவிட்டான். உன் பெரியப்பா இலையில் உட்காராமல் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன் என்றுகூடச் சொல்லுவேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை, இப்போதும் இல்லை.

அதற்கப்புறம் நீ முதல் தடவையாகச் சீசாவோடு வந்தாய். நம் கடற்கரைப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய மைக்ரோஸ்கோப் இருக்கிறது, அதில் துகளைப் பார்க்க வேண்டும் என்றாய். விரல் நீளம் கண்ணாடிச் சீசா, உள்ளே வெளிறின மஞ்சளில் தண்ணீர். குளிரிலேயே இருக்க வேண்டும் என்று முட்டைத் தட்டில் நிறுத்தினாய். "யாரும் தொடாதீங்க, குடிக்கிற சாமான் இல்ல" என்றாய். காலையில் சிலதை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாய். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டையெல்லாம் கழுவித் துடைத்திருந்தேன். தரை காயட்டும் என்று கோடு இன்னும் போடவில்லை. உன் அப்பா உள்ளறையில் படுத்திருந்தார்.

மதியத்துக்கு முன்னால் உன் பெரியப்பா வந்தார். காரில் இல்லை. படூரிலிருந்து பஸ் மாறி மாறி, செருப்பெல்லாம் புழுதியாக, தனியாக வந்தார். உன் அக்கா போனில் அவர் மருமகளிடம் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள், தம்பி அந்த மருந்தைக் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்திருக்கிறான் என்று. காதுகுத்துக்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கூடத்தில் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. தம்பி எங்கே என்றார், படுத்திருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அப்புறம் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எலிக்குக் குடுத்துப் பாத்துட்டாங்களாமே. மனுசனுக்குக் குடுக்கத்தான் பயப்படறாங்களாம். எனக்குக் குடு. நான் தாங்கினேன்னா தம்பிக்குக் குடுங்க."

அவர் குடிக்காத தண்ணீரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நம்ம கடக்கர மண்ணுல கீற சரக்குதானே. நம்மள இன்னா பண்ணிடும்? பண்ணாலும் எனக்கு வயசாயிட்சி. அன்னிக்கு ஊரு முன்னால சொன்னியே, அது நெசந்தான். டேங்க நாந்தான் அவன் முதுவுல ஏத்துனேன்."

கண்ணு, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா. அதைக் கேட்டால் என் வயிறு குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. வேறு ஒன்று நடந்தது. இவருக்கு நடுக்கமே இல்லையே, வியாதி இல்லாதவர் குடித்து என்ன தெரியப்போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நீ சொன்னது எனக்கு மறந்தும் போகவில்லை. அந்தத் துகள் உள்ளே போகும், எப்போது வெளியே வரும் என்று இன்னும் சரியாகத் தெரியாது, இடம் மாறினால் துருவைத் துடைக்கிற அதுவே துருப்பிடிக்கவும் வைத்துவிடும் என்று நீ சொன்னாய். ஒவ்வொரு வார்த்தையும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகத்தோடுதான் எழுந்தேன். சமையலறைக்குப் போனேன், பிரிட்ஜைத் திறந்தேன், சீசாவை எடுத்தேன். ஒரு தம்ளரையும் கழுவி எடுத்தேன். விருந்தாளிக்குக் கொண்டுவருகிற மாதிரி இரண்டையும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தேன். இவர் தாங்கினால் என் புருஷனுக்கு நல்லது, தாங்காவிட்டால் என்ன நஷ்டம் என்று நினைத்தேன். இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்படித்தான் நினைத்தேன்.

அவர் சீசாவை எடுத்து மூடியைத் திருகினார். வரவில்லை. வேட்டி நுனியைச் சுற்றித் திருகினார். அப்போது உள்ளறைக் கதவில் சத்தம். உன் அப்பா எழுந்து வந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. கதவு இடுக்கில் கால் ஒட்டிக்கொண்டது. ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, "ண்ணா, வேணாண்ணா" என்கிறார், குரல் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. பிறகு "கோடு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சாக்பீஸ் அலமாரியில் இருந்தது. நான் நகரவில்லை. சீசாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் பெரியப்பாதான் நகர்ந்தார். காதுகுத்தில் நான் கோடு போட்டதைப் பார்த்தவர் அல்லவா. சீசாவைக் கையில் வைத்துக்கொண்டே கதவுக்கிட்டே போனார், சுற்றுமுற்றும் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. அந்த வயசில் தரையில் உட்கார்ந்தார். கதவுக்குக் குறுக்கே தன் காலை நீட்டினார்.

"தாண்டு" என்றார்.

உனக்குத் தெரியும், நம் வீட்டில் சின்னக் குழந்தை படுத்திருந்தால்கூடத் தாண்டமாட்டோம், சுற்றிக்கொண்டு போவோம். உன் அப்பா தன் அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் கீழே அந்தக் காலைப் பார்க்கிறார், பித்தவெடிப்போடு, பஸ் புழுதியோடு கிடக்கிறது. "உன் காலயாண்ணா?" என்றார்.

"நான் சொன்னத எல்லாம் செஞ்சவன்தானே நீ. இதையும் செய்டா."

என் வாழ்க்கையில் நான் பார்த்த எந்த நேரமும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. அப்புறம் உன் அப்பாவின் வலது கால் எழுந்தது. நன்றாக உயரமாகத் தூக்கி, அண்ணன் கால்மேல் படாமல், அந்தப் பக்கம் வைத்தார். அடுத்த காலும் வந்தது. வந்து நின்று, குனிய முடியாமல் குனிந்து, அண்ணன் கையிலிருந்த சீசாவைப் பிடுங்கினார். கை ஆடுகிற ஆட்டத்தில் அந்த மஞ்சள் தண்ணீர் நுரைத்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் புள்ள வந்து சீசா எங்கன்னு கேட்டா இன்னாமே சொல்லுவ? எலி குடிச்சிட்டுதுன்னா?"

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் என்னைக் கேட்டார். உன் பெரியப்பா தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு அது சிரிப்பு மாதிரி இல்லை. நான் சீசாவை வாங்கித் தட்டில் பழையபடி நிறுத்திவிட்டு, மூன்று பேருக்கும் சோறு போட்டேன். குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். மூடி லூசாக இருக்கிறதே என்றாய். குளிரில் அப்படி ஆகியிருக்கும் என்றேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, அதை யாராவது குடித்தால் என்னடா ஆகும் என்று கேட்டேன். நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே, மூளைக்குப் போகவே போகாதும்மா, ஈரலில் போய்த் தங்கும், அதுவும் இதில் கலந்திருக்கிற வேறு சாமான் வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்றாய். உன் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய்க் கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்தேன். பித்தம் என்று உன்னிடம் சொன்னேன்.

இத்தனை நடந்தும் அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். உன் பெரியப்பா இப்போது அடிக்கடி போன் செய்கிறார். முன்னெல்லாம் செல்போனில் அவர் பேரைப் பார்த்தாலே எடுக்கமாட்டேன், இப்போது எடுக்கிறேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பார். அப்புறம் பிள்ளை எப்போது வருகிறான் என்பார். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நீ சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன், ஈரல், வயிறு, எல்லாம். "படிச்ச புள்ள, ஜாக்கிரதையா அப்படித்தான் சொல்லும்" என்கிறார். உன் அப்பாவுக்கும் முன்னைவிடக் கஷ்டம். தண்ணீர் விழுங்கினால் புரையேறுகிறது. படுக்கையில் திரும்பிப் படுக்க நான் வேண்டும். போன வாரம் அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை பிள்ளை அதைக் கொண்டுவந்தால் சொல் என்றார். நீங்கள்தானே அன்றைக்கு வேண்டாம் என்றீர்கள் என்றேன்.

"அண்ணனுக்குத்தான் வேணான்னேன். எனக்கு வேணான்னு சொல்லலியே" என்றார்.

அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது கண்ணு. கேலியா, நிஜமா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை.

உன்னையும் நான் பார்த்தேன். பெரியப்பா வந்த அந்த வெள்ளிக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன்னால் பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாய். கூடத்தில் உன் அப்பா சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போராடிக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்தாய், சீசாவைப் பார்த்தாய், திரும்ப அவரைப் பார்த்தாய். நான் பின்னால் இருந்தது உனக்குத் தெரியாது. நீ என்ன நினைத்தாய் என்று கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே. ஒன்று மட்டும் கேள். உன் அப்பா முகத்தை நினைத்துக்கொண்டு அந்த வேலையை அவசரப்படுத்தாதே. எலி நடந்தது என்று வீட்டில் வந்து சொன்னால், எந்த எலி செத்தது, ஏன் செத்தது என்பதையும் கூடவே சொல். நம்மைப் போன்ற வீடுகளில் பாதியைத்தான் காதில் வாங்குவோம், வேண்டுகிற பாதியை. அது தயாராக எத்தனை வருஷம் ஆகுமோ ஆகட்டும். உன் அப்பாவுக்கு உதவாமல் போனாலும் போகட்டும். இதை ஒரு தடவை எழுதி அடித்துவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன். என்றைக்காவது அந்த மருந்தால் எவனோ ஒருவன் தன் சட்டைப் பொத்தானை அவனே போட்டுக்கொள்வான்.

சீசாவை அந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே யாரிடமாவது கொடுத்து வை. இல்லையென்றால் செங்கல்பட்டில் ஏதாவது லாட்ஜில் தங்கிக்கொள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். கொண்டுவந்துவிட்டு, ஒளித்து வைத்துக்கொள்கிறேன், பூட்டி வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. நீ எங்கே வைத்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். இந்த வீட்டில் நான் கண்டுபிடிக்காதது எது? உன் பெரியப்பா கேட்டால் தடுக்க உன் அப்பா இருந்தார். உன் அப்பாவே கேட்டால் தடுப்பது யார்? நான்தான் தடுக்க வேண்டும். என்னை நம்பாதே.

எனக்கு உன் பெரியப்பாவின் மேல் பயமில்லை, உன் அப்பாவின் மேலும் இல்லை. அன்றைக்கு அந்தச் சீசாவை எடுத்துவந்து ஒரு மனிதர் குடிப்பதற்காக வைத்தேனே, வைக்கும்போது என் கையைக் கவனித்தேன். இத்தனை வருஷமாக நடுங்குகிற கையையே பார்த்துப் பழகினவள், அதனால் கண் தானாகக் கைக்குத்தான் போகும். கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

நீ மட்டும் வா.